பொதுவான ரியாக்ட் கூறுகளை நிரலகமாக வெளியிடுதல்: பொதிக்குள் எது இருக்க வேண்டும், எது வெளியே நிற்க வேண்டும்?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அலுவலகத்தில் ரியாக்ட் என்ற இடைமுக நிரலகத்தில் எழுதப்பட்ட மூன்று செயலிகள் இருக்கின்றன: வாடிக்கையாளர் தளம், கிடங்கு ஊழியர்களுக்கான உள்தளம், கணக்குப் பிரிவுக்கான அறிக்கைத் தளம். பொத்தான், உள்ளீட்டுப் பெட்டி, தேதித் தேர்வு, அட்டவணை ஆகிய கூறுகள் முதல் செயலியிலிருந்து மற்ற இரண்டுக்கும் கோப்புறையோடு நகலெடுக்கப்பட்டவை. ஓரிடத்தில் திருத்திய வழு மற்ற இடங்களில் அப்படியே கிடக்கிறது. ஆகவே இவற்றைத் தனிக் களஞ்சியத்துக்குக் கொண்டுபோய், வீட் என்ற கட்டுமானக் கருவியின் நிரலக முறையில் கட்டி, எங்கள் தனிப் பதிவகத்தில் என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பொதி மேலாளர்) பொதியாக வெளியிட்டோம்.

பொதி நிறுவப்படுகிறது; ஆனால் ஒவ்வொரு செயலியிலும் ஒரு சிக்கல் வருகிறது. ரியாக்ட் 19-க்கு மாறிவிட்ட வாடிக்கையாளர் தளத்தில் 'இன்வேலிட் ஹூக் கால்' என்ற பிழை வருகிறது (ஹூக் என்பது கூறுக்குள் அழைக்கும் ரியாக்டின் சிறப்புச் செயற்கூறு). ரியாக்ட் 18-இல் இருக்கும் மற்ற இரண்டிலும் வரவில்லை. வெப்பேக் என்ற திரட்டும் கருவியில் ஓடும் உள்தளத்தில் கூறுகள் தெரிகின்றன, ஆனால் பாணிகள் எதுவும் வருவதில்லை. அறிக்கைத் தளத்தில் எல்லாக் கூறுகளின் வகைகளும் 'எனி' (எதுவாகவும் இருக்கலாம்) ஆகிவிடுகின்றன. டைப்ஸ்கிரிப்ட் பிழையும் சொல்வதில்லை.

கட்டமைப்பு விவரம்: பொதியின் விவரக் கோப்பான பேக்கேஜ்.ஜேசனில் ரியாக்ட் 18 சாதாரண 'டிபெண்டன்சீஸ்' (சார்புகள்) பகுதியில் இருக்கிறது. கோப்புகளைத் திரட்டும் ரோலப் கருவியின் 'எக்ஸ்டர்னல்' (பொதிக்குள் சேர்க்காமல் வெளியே விடுபவை) பட்டியலில் ரியாக்ட், உலாவியில் வரையும் ரியாக்ட் டாம் இரண்டையும் கொடுத்திருக்கிறோம். 'சைட் எஃபெக்ட்ஸ்' என்பதற்குப் பொய் என்று மதிப்பிட்டிருக்கிறோம். ஒவ்வொரு கூறும் தன் சிஎஸ்எஸ் கோப்பைத் தானே இறக்குமதி செய்யும்படி ஒரு செருகுநிரலும் உண்டு.


அரைப்புள்ளி எழுதியது:

முதல் சிக்கலுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். வாடிக்கையாளர் தளத்தில் இப்போது இரண்டு ரியாக்ட் பிரதிகள் ஓடுகின்றன. உங்கள் பொதி 18-ஐச் சார்பாகக் கேட்கிறது, செயலி 19-ஐ வைத்திருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் என்பிஎம் உங்கள் பொதியின் கோப்புறைக்குள்ளேயே இன்னொரு 'நோட் மாட்யூல்ஸ்' உருவாக்கி அதில் 18-ஐ வைக்கிறது. மற்ற இரண்டு செயலிகளிலும் பதிப்பு வரம்பு பொருந்துவதால் ஒரே பிரதி இருவருக்கும் பகிரப்படுகிறது. அதனால் அங்கே வழு மறைந்து நிற்கிறது, இல்லாமல் போகவில்லை.

இரண்டு பிரதி இருந்தால் ஏன் உடைகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. யூஸ்ஸ்டேட் போன்ற ஹூக்குகள் தாமாக எதையும் சேமிப்பதில்லை. ஒரு கூறு வரையப்படும் நேரத்தில் ரியாக்ட் டாம், தான் இறக்குமதி செய்த ரியாக்ட் பிரதியின் உள்மாறி ஒன்றில் 'இப்போது வேலை செய்பவர் இவர்' என்று குறித்துவைக்கிறது. ஹூக் அந்த மாறியைப் பார்த்துத்தான் வேலையை ஒப்படைக்கிறது. உங்கள் கூறு அழைக்கும் யூஸ்ஸ்டேட் வேறொரு பிரதியைச் சேர்ந்தது; அங்கே அந்த மாறி வெறுமையாக இருக்கிறது. உருவாக்கச் சூழலில் நீங்கள் சொன்ன எச்சரிக்கையாவது வரும். வெளியீட்டுக் கட்டில் 'வெறுமையிலிருந்து யூஸ்ஸ்டேட்டைப் படிக்க முடியவில்லை' என்ற மொட்டைப் பிழை மட்டுமே வரும்.

தீர்வு: ரியாக்டையும் ரியாக்ட் டாமையும் 'டிபெண்டன்சீஸ்' பகுதியிலிருந்து எடுத்து 'பியர் டிபெண்டன்சீஸ்' (பயன்படுத்தும் செயலியோடு பகிரும் சார்புகள்) பகுதியில் 18 அல்லது 19 என்ற வரம்புடன் வையுங்கள். உங்கள் களஞ்சியத்தில் சோதனைகள் ஓட வேண்டுமே, அதற்காக 'டெவ் டிபெண்டன்சீஸ்' பகுதியிலும் ஒன்று இருக்கட்டும். 2020-இல் வந்த என்பிஎம் 7 முதல் பியர் சார்புகள் தாமாகவே நிறுவப்படுகின்றன. முரண்பட்டால் நிறுவலே நின்றுவிடும். அதற்கு முந்தைய 3 முதல் 6 வரையான பதிப்புகள் எச்சரிக்கையோடு விட்டுவிடும். பழைய பதிப்பை வைத்திருக்கும் கட்டமைப்புச் சேவையகம் ஏதேனும் உங்களிடம் இருந்தால் அதை முதலில் பாருங்கள்.


பனைமரக்காடு எழுதியது:

பாணிகள் வராததற்குக் காரணம் 'சைட் எஃபெக்ட்ஸ்: பொய்' என்ற அந்த ஒற்றை வரிதான். 2018-இல் வெப்பேக் 4 கொண்டுவந்த குறிப்பு அது. 'என் கோப்புகளில் எதை இறக்குமதி செய்தாலும், அதிலிருந்து எடுத்த பெயரைப் பயன்படுத்தாவிட்டால் அந்தக் கோப்பையே விட்டுவிடலாம்' என்று நீங்கள் வெப்பேக்குக்கு வாக்குக் கொடுக்கிறீர்கள். சிஎஸ்எஸ் கோப்பை இறக்குமதி செய்யும்போது அதிலிருந்து யாரும் பெயர் எதையும் எடுப்பதில்லை. ஆகவே நீங்கள் கொடுத்த வாக்கின்படியே அது விடப்படுகிறது. பொய் என்பதற்குப் பதிலாக, சிஎஸ்எஸ் கோப்புகள் அனைத்தையும் குறிக்கும் ஒரு பாங்கினை அணியாகக் கொடுங்கள். பயன்படாத கூறுகளை உதிர்க்கும் வசதியும் கெடாது.

ஆனால் அந்தச் செருகுநிரலைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. கூறே தன் பாணியை இழுத்துக்கொண்டு வருவது பார்க்க வசதியாக இருக்கும்; ஆனால் பயன்படுத்துபவரின் பண்டிலர் (கோப்புகளைத் திரட்டும் கருவி), சோதனைக் கருவி, சேவையகப் பக்கம் எல்லாவற்றுக்கும் 'ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்குள் சிஎஸ்எஸ்' என்ற வழக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் கட்டாயப்படுத்துகிறீர்கள். ஒரே பாணிக் கோப்பைத் தனியாக வெளியிட்டு, 'இதை உங்கள் நுழைவுக் கோப்பில் ஒருமுறை சேருங்கள்' என்று கையேட்டில் எழுதிவிடுவதே என் விருப்பம். வீட் இயல்பாகவே நிரலக முறையில் பாணிகளைத் தனிக் கோப்பாகத்தான் பிரிக்கிறது. ஆறாம் பதிப்பு முதல் அந்தக் கோப்பின் பெயர் உங்கள் பொதியின் பெயரைப் பின்பற்றும். அதற்கு முன் 'ஸ்டைல்.சிஎஸ்எஸ்' என்றே வரும். மேம்படுத்தும்போது இதில் தடுக்கி விழுந்தவர்கள் உண்டு.

வகுப்புப் பெயர்களுக்கு முன்னொட்டு அவசியம். பிரிட்டன் அரசின் கவ்.யூகே நிரலகம் தன் வகுப்புகள் அனைத்துக்கும் 'கவ்யூகே' என்ற முன்னொட்டை வைத்திருக்கிறது. 'பட்டன்' என்ற வெற்றுப் பெயரை நிரலகம் எடுத்துக்கொண்டால், செயலியின் பழைய சிஎஸ்எஸ் கோப்பில் அதே பெயர் எங்கோ ஒரு மூலையில் இருக்கத்தான் செய்யும்.


சுழியம் எழுதியது:

இடையில் ஒரு மாற்றுக் கருத்து. மூன்று செயலிகளும் ஒரே அலுவலகத்தில்தானே இருக்கின்றன? அப்படியிருக்கப் பதிவகம், பதிப்பு எண், வெளியீட்டுக் குறிப்பு என்ற இந்தச் சடங்கெல்லாம் எதற்கு? மூன்றையும் ஒரே களஞ்சியத்தில் வைத்து, என்பிஎம் அல்லது பிஎன்பிஎம்மின் 'வொர்க்ஸ்பேஸ்' வசதியால் பொதுக் கூறுகளை நேரடியாக இறக்குமதி செய்யலாம். ஒரு கூறை மாற்றினால் மூன்று செயலிகளின் சோதனைகளும் அதே மாற்றக் கோரிக்கையில் ஓடும். எது உடைகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். பொதியாக வெளியிட்டால், உடைந்தது தெரிவதற்குள் பல வாரங்கள் ஓடிவிடும். ஏனென்றால் புதிய பதிப்புக்கு யாரும் உடனே மாறுவதில்லை.

2023-இல் வந்த ஷாட்சிஎன் என்ற கூறுத் தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. கூறுகளைச் சார்பாக நிறுவாமல், கட்டளை ஒன்றின் மூலம் மூல நிரலையே உங்கள் திட்டத்துக்குள் எழுதிவிடுகிறது. அதன் பிறகு அது உங்கள் நிரல். நகலெடுப்பதைப் பாவம் என்று நினைக்கும் நம் பழக்கத்தையே அது கேள்விக்கு உள்ளாக்கியது.


வைகைக்கரை எழுதியது:

சுழியம் அவர்களே, ஒரே களஞ்சியம் என்ற யோசனை எங்களிடமும் எழுந்தது. ஆனால் கிடங்குத் தளத்தை வெளியிலுள்ள ஒப்பந்தக் குழு பராமரிக்கிறது. அவர்களுக்கு மற்ற இரண்டின் மூல நிரலைத் திறந்துவிட முடியாது. வெளியீட்டுக் காலங்களும் வேறு: கணக்குப் பிரிவில் நிதியாண்டு முடிவை ஒட்டி எந்த மாற்றமும் ஏற்கப்படாது. நகல் முறையிலிருந்து தப்பிக்கத்தான் இந்த முயற்சியே என்பதால் ஷாட்சிஎன் வழி எங்களுக்குப் பொருந்தாது.

அரைப்புள்ளி ஐயா, நீங்கள் சொன்னபடி பியர் சார்புக்கு மாற்றினோம். பழைய பிழை போய்விட்டது. ஆனால் இப்போது வாடிக்கையாளர் தளம் திறக்கும்போதே, எந்தக் கூறும் வரையப்படுவதற்கு முன்பே, 'ரியாக்ட் கரண்ட் ஓனர்' என்பதைப் படிக்க முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. எங்கள் மூல நிரலில் அப்படி ஒரு பெயரே கிடையாது.


அரைப்புள்ளி எழுதியது:

உங்கள் 'டிஸ்ட்' கோப்புறையில் கட்டப்பட்ட கோப்பைத் திறந்து அந்தப் பெயரைத் தேடுங்கள்; கிடைக்கும். அது ரியாக்டின் ஜேஎஸ்எக்ஸ் இயக்க நிரலின் ஒரு பகுதி.

நடப்பது இதுதான். நீங்கள் எழுதும் ஒவ்வொரு ஜேஎஸ்எக்ஸ் குறியும் (நிரலுக்குள் வரும் ஹெச்டிஎம்எல் போன்ற குறி) கட்டப்படும்போது 'ரியாக்ட்/ஜேஎஸ்எக்ஸ்-ரன்டைம்' என்ற துணைப் பாதையிலிருந்து வரும் ஒரு செயற்கூற்றின் அழைப்பாக மாறுகிறது. 'எக்ஸ்டர்னல்' பட்டியலில் 'ரியாக்ட்' என்று சரமாகக் கொடுத்தால், ரோலப் அந்தப் பெயரோடு முற்றிலும் பொருந்துவதை மட்டுமே வெளியே விடும். துணைப் பாதை அதில் அடங்காது. ஆகவே உங்கள் களஞ்சியத்தில் இருக்கும் 18-ஆம் பதிப்பின் இயக்க நிரல் பொதிக்குள் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அது ரியாக்டின் உட்பொருள் ஒன்றைத் தொடுகிறது. 2024 டிசம்பரில் வெளிவந்த 19-இல் அந்த உட்பொருளின் பெயரே மாறிவிட்டது. முன்பு அது 'பயன்படுத்தாதீர்கள், பயன்படுத்தினால் வேலை போய்விடும்' என்ற பொருளில் இருந்தது. இப்போது 'பயன்படுத்தாதீர்கள், பயன்படுத்தினால் உங்கள் பயனர்களால் மேம்படுத்த முடியாது என்று அவர்களை எச்சரியுங்கள்' என்ற பொருளில் இருக்கிறது. உங்களுக்கு இப்போது நேர்ந்திருப்பது அந்த இரண்டாம் பெயர் சொல்லும் நிலைதான்.

பட்டியலில் சரத்துக்குப் பதிலாக, 'ரியாக்ட்' என்று தொடங்கிப் பிறகு சாய்கோடு வந்தாலும் வராவிட்டாலும் பொருந்துகிற ஒரு சுருங்குறித்தொடரை (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) கொடுங்கள். அதைவிடச் சிறந்தது, பேக்கேஜ்.ஜேசனைப் படித்து, பியர் சார்புகள் அனைத்தையும் அவற்றின் துணைப் பாதைகளோடு வெளியே விடும் சில வரி நிரல். பட்டியலை இரண்டு இடங்களில் கையால் பராமரித்தால் ஒரு நாள் ஒன்றுக்கொன்று முரண்படும்.

மேலும் ஒன்று: இதைச் சோதிக்க 'என்பிஎம் லிங்க்' பயன்படுத்தாதீர்கள். அது குறியீட்டு இணைப்பு மட்டுமே. பண்டிலர் அதன் உண்மைப் பாதைக்குப் போய் உங்கள் களஞ்சியத்தின் 'டெவ்' ரியாக்டைக் கண்டுபிடித்துவிடும். இல்லாத வழு இருப்பதாகத் தோன்றும். 'என்பிஎம் பேக்' கொடுத்தால் வெளியீட்டில் போகும் அதே சுருக்கக் கோப்பு கிடைக்கும். அதை ஒரு வெற்றுச் செயலியில் நிறுவிப் பாருங்கள். 18-க்கு ஒன்று, 19-க்கு ஒன்று.


நிரல்நெசவு எழுதியது:

வகைகள் 'எனி' ஆவதைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. வைகைக்கரை அவர்கள் மூல நிரலில் '@' குறியுடன் தொடங்கும் சுருக்கப் பாதைகளைப் பயன்படுத்துகிறார் என்று ஊகிக்கிறேன். வீட் வகை அறிவிப்புக் கோப்புகளைத் தானாக உருவாக்காது. பெரும்பாலும் டைப்ஸ்கிரிப்ட் தொகுப்பியைத் தனியாக ஓட்டித்தான் அவற்றைப் பெறுகிறோம். அந்தத் தொகுப்பி சுருக்கப் பாதைகளைச் சார்புப் பாதைகளாக மாற்றி எழுதாது. அறிவிப்புக் கோப்பில் அவை அப்படியே நிற்கும். உங்கள் களஞ்சியத்தில் அந்தப் பாதைக்குப் பொருள் உண்டு, பயன்படுத்துபவரிடம் இல்லை. அறிவிப்புக் கோப்புகளைச் சரிபார்க்காமல் விடும் 'ஸ்கிப் லிப் செக்' இயக்கப்பட்டிருந்தால், அநேகமாக எல்லோரும் இயக்கித்தான் வைத்திருக்கிறோம், டைப்ஸ்கிரிப்ட் அதைக் குறை சொல்லாமல் வகையை 'எனி' என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். நிரலகக் களஞ்சியத்தில் சுருக்கப் பாதைகளையே தவிர்த்துவிடுங்கள். அல்லது பாதைகளை மாற்றி எழுதும் செருகுநிரல் ஒன்றைச் சேருங்கள்.

அடுத்து பேக்கேஜ்.ஜேசனின் 'எக்ஸ்போர்ட்ஸ்' பகுதி. இதை எழுதிவிட்டால் அதில் பட்டியலிடாத எந்தப் பாதையையும் வெளியிலிருந்து தொட முடியாது. பனைமரக்காடு சொன்ன தனிப் பாணிக் கோப்புக்கு அங்கே ஒரு பதிவு இல்லாவிட்டால், கோப்பு பொதிக்குள் இருந்தும் இறக்குமதி தோற்கும். நிபந்தனைகள் எழுதிய வரிசையிலேயே பார்க்கப்படுவதால் 'டைப்ஸ்' முதலில் வர வேண்டும். வெளியே தனியாக இருக்கும் பழைய 'டைப்ஸ்' புலத்தையும் நீக்காதீர்கள். பழைய தீர்வு முறையில் இருக்கும் திட்டங்கள் 'எக்ஸ்போர்ட்ஸ்' பகுதியைப் பார்ப்பதே இல்லை.

ஜாவாஸ்கிரிப்டின் புதிய ஈஎஸ் மாட்யூல், பழைய காமன்ஜேஎஸ் இரண்டு வடிவங்களையும் கொடுக்க வேண்டுமா என்றால், என் கருத்து ஈஎஸ் மட்டும் போதும். இரண்டையும் கொடுத்தால் ஒரே செயலிக்குள் ஒரு கோப்பு முதல் வடிவத்தையும் இன்னொன்று இரண்டாம் வடிவத்தையும் ஏற்றக்கூடும். உங்கள் வண்ணச்சூழலை அமைக்கும் கான்டெக்ஸ்ட் (கூறுகளுக்குப் பொதுவான மதிப்பைத் தரும் வசதி) இரண்டாகப் பிளந்து, வழங்குநர் ஒன்றிலும் வாசிப்பவர் மற்றதிலும் நிற்பார்கள். நோட் 22.12 முதல் பழைய 'ரெக்வயர்' அழைப்பே ஈஎஸ் கோப்பை ஏற்றிக்கொள்ளும். ஜெஸ்ட் சோதனைக் கருவி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கட்டமைப்பு வேலை மிஞ்சும்.

வாடிக்கையாளர் தளம் நெக்ஸ்ட்.ஜேஎஸ் என்ற ரியாக்ட் சட்டகத்தில் இருந்தால், ஹூக் பயன்படுத்தும் கோப்புகளின் தலையில் 'யூஸ் கிளையண்ட்' (உலாவிப் பக்க நிரல் என்ற குறிப்பு) இருக்க வேண்டும். பல கோப்புகளை ஒன்றாகத் திரட்டும்போது ரோலப் அந்த வரியை ஓர் எச்சரிக்கையோடு நீக்கிவிடும். கோப்பு வாரியாகவே வெளியிட்டு, அந்த வரியைக் காக்கும் செருகுநிரலைச் சேருங்கள்.


எழுத்தெண்ணி எழுதியது:

பொதி அமைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். கூறுகளுக்குள் இருப்பதையும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரு செயலிக்காக எழுதியதை நகர்த்தும்போது அந்தச் செயலியின் பழக்கங்களும் கூடவே வந்துவிடும்.

உள்ளீட்டுப் பெட்டியில் ஐடி 'மொபைல்' என்று நிலையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கத்தில் ஒரே படிவம் இருந்தவரை தொல்லை இல்லை. வசிக்கும் முகவரி, அனுப்பும் முகவரி என்று இரண்டு படிவங்கள் வந்தால், இரண்டாம் படிவத்தின் பெயர்ச்சீட்டைச் சொடுக்கினால் சுட்டி முதல் படிவத்துக்கு ஓடும். திரைவாசிப்பானும் குழம்பும். ரியாக்ட் 18-இல் வந்த யூஸ்ஐடி இதற்கென்றே இருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்தினால் பியர் வரம்பில் 17-ஐ அனுமதிக்க முடியாது. இப்படித்தான் கூறுக்குள் எடுக்கும் ஒரு முடிவு பொதியின் வரம்பைத் தீர்மானிக்கிறது.

'சப்மிட்', 'ரெக்வயர்டு' போன்ற சொற்கள் நிரலகத்துக்குள் இருக்கவே கூடாது. பயன்படுத்துபவரே பண்பாகக் கொடுக்கட்டும். தமிழில் ஓடும் கிடங்குத் தளத்தில் அந்தப் பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' என்று வரும். அகலமும் உயரமும் நிலையாக இருந்தால் சொல் வெட்டுப்படும். வரி உயரத்தை 1 என்று வைத்து வழிவதை மறைத்திருந்தால் கொம்பும் சுழியும் அறுபடும். கருத்துப் பெட்டியின் எழுத்தெண்ணியும் அப்படித்தான்: 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்ட் 5 என்று சொல்லும், பயனர் கண்ணுக்கு 3. ஜாவாஸ்கிரிப்டின் இன்டல் செக்மென்டர் வசதி இதைச் சரியாகப் பிரிக்கும்; 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸ் 125 வந்த பிறகு முதன்மை உலாவிகள் அனைத்திலும் அது கிடைக்கிறது. ஆனால் தரவுத்தள எல்லை பழைய கணக்கில் இருந்தால் கண்ணுக்குத் தெரியும் கணக்கும் சேமிக்கும் கணக்கும் முரண்படும். ஆகவே எண்ணும் முறையையும் வெளியிலிருந்தே பெறுங்கள். எழுத்துருவையும் பொதிக்குள் திணிக்காதீர்கள். அதைத் தேர்வது செயலியின் உரிமை.


பனைமரக்காடு எழுதியது:

எழுத்தெண்ணி அவர்களின் பதிவோடு உடன்படுகிறேன். பாணிகளிலும் இதே எல்லைக்கோடு வேண்டும். நிறம், இடைவெளி, மூலை வளைவு ஆகியவற்றை சிஎஸ்எஸ் மாறிகளாக வெளியே விடுங்கள். உள் வகுப்புப் பெயர்களை யாரும் தொட வேண்டாம் என்று அறிவித்துவிடுங்கள்.

2022 முதல் உலாவிகளில் இருக்கும் சிஎஸ்எஸ் 'லேயர்' (அடுக்கு) விதிக்குள் நிரலகத்தின் பாணிகளை வைத்தால், செயலி எழுதும் எளிய விதிகூட அவற்றை வெல்லும். 'இம்பார்ட்டன்ட்' போரே இருக்காது. ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. லேயருக்கு வெளியே இருப்பது எதுவானாலும் வெல்லும் என்பதால், செயலியில் கிடக்கும் பழைய 'பட்டன் என்றால் எல்லை வேண்டாம், பின்னணி வேண்டாம்' என்ற பொது விதியும் உங்கள் பொத்தானை நிர்வாணமாக்கிவிடும். வெப்பேக்கில் ஓடும் அந்தப் பழைய உள்தளத்தில் இதை முதலில் சோதியுங்கள். அங்குள்ள மீட்டமைப்பு விதிகளையும் ஒரு லேயருக்குள் தள்ள ஒப்பந்தக் குழு சம்மதிக்காவிட்டால், லேயர் யோசனையை விட்டுவிடுவதே நல்லது.

பதிப்பு எண்ணிலும் கவனம் வேண்டும். பண்பின் பெயரை மாற்றினால் முதன்மை எண் கூட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெளியே விட்ட சிஎஸ்எஸ் மாறியின் பெயரை மாற்றுவதும் அதே கணக்கு. பியர் வரம்பைக் குறுக்குவதும் அப்படியே. கூறின் உள்ளே ஒரு டிவ் கூட்டினால் என்ன என்பதில்தான் சண்டை வரும். செயலியின் கட்டவலையில் அந்தக் கூறு நேரடிப் பிள்ளையாக இருந்தால் அமைப்பு குலையும். 0.3 போன்ற எண்களில் இருக்கும்போது பதிப்பு வரம்பிலுள்ள கூரைக்குறி (^) 0.3-க்குள் மட்டுமே மேம்படுத்தும், 0.4-க்குப் போகாது என்பதையும் ஒப்பந்தக் குழுவிடம் சொல்லிவையுங்கள்.


சுழியம் எழுதியது:

அவர்களின் சூழலில் பொதிதான் வழி என்பதை ஏற்கிறேன். அப்படியானால் பொதியின் பெயருக்கு நிறுவனத்தின் ஸ்கோப் முன்னொட்டை ('@நிறுவனம்/' போன்றது) கொடுத்து, அந்த ஸ்கோப்பைப் பொதுப் பதிவகத்திலும் பதிந்துவையுங்கள். முன்னொட்டு இல்லாத உள்பெயர் ஒன்றை வெளியார் யாரேனும் பொதுப் பதிவகத்தில் உயர்ந்த பதிப்பு எண்ணோடு பதிந்துவிட்டால், கட்டமைப்புக் கருவி அதை இழுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இது நடக்கும் என்று 2021-இல் நிரூபிக்கப்பட்டது. 'ஃபைல்ஸ்' புலத்தில் 'டிஸ்ட்' மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் 'என்பிஎம் பேக்' கட்டளையை ஒத்திகை முறையில் ஓட்டி, வெளியே போகும் கோப்புப் பட்டியலைக் கண்ணால் பாருங்கள். கடவுச்சொற்கள் இருக்கக்கூடிய சூழல் மாறிக் கோப்பு அதில் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.


வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சுருங்குறித்தொடருக்கு மாற்றியதும் வாடிக்கையாளர் தளம் திறந்துவிட்டது. வகைச் சிக்கலுக்கு நிரல்நெசவு ஊகித்த காரணமே சரி. செருகுநிரலை எடுத்துவிட்டுப் பாணியைத் தனிக் கோப்பாக்கினோம். லேயர் பற்றி ஒப்பந்தக் குழுவிடம் கேட்டிருக்கிறோம்.

இன்னும் ஒரே ஐயம். தேதித் தேர்வுக் கூறு டே.ஜேஎஸ் என்ற தேதி நிரலகத்தைப் பயன்படுத்துகிறது, அட்டவணைக் கூறு சிறிய வரிசைப்படுத்தும் நிரலகம் ஒன்றைப் பயன்படுத்துகிறது. இவற்றையும் பியர் சார்பாக்க வேண்டுமா?


அரைப்புள்ளி எழுதியது:

வரிசைப்படுத்தும் நிரலகம் சாதாரண 'டிபெண்டன்சீஸ்' பகுதியிலேயே இருக்கட்டும். அது உள்ளே எண்களை வாங்கி உள்ளேயே திருப்புகிறது. செயலியில் வேறொரு பிரதி இருந்தாலும் ஒன்றையொன்று அறியாது. எதையெல்லாம் பியர் ஆக்குகிறோமோ அதையெல்லாம் பயன்படுத்துபவரின் தலையில் சுமத்துகிறோம் என்பதால் அந்தப் பட்டியல் குட்டையாகவே இருக்க வேண்டும்.

டே.ஜேஎஸ் எப்படி என்பது உங்கள் கூறின் பண்புகளைப் பொறுத்தது. தேர்ந்த தேதியை டே.ஜேஎஸ் பொருளாகவே செயலியிடம் ஒப்படைக்கிறீர்கள் என்றால் பியர் ஆக்கியே தீர வேண்டும். செயலி தன் பிரதியில் சேர்த்த செருகுநிரலோ அமைத்த மொழியோ உங்கள் பிரதி தரும் பொருளில் வேலை செய்யாது. கிடங்குத் தளத்தில் மாதப் பெயர்கள் ஓரிடத்தில் தமிழிலும் இன்னோரிடத்தில் ஆங்கிலத்திலும் வரும். நானாக இருந்தால் பண்பின் வகையை 'ஆண்டு-மாதம்-நாள்' என்ற சரமாக மாற்றி, டே.ஜேஎஸ்ஸை உள்ளேயே வைத்துக்கொள்வேன். 1.0 வெளியிடுவதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள். பிறகு செய்தால் அது முதன்மைப் பதிப்பு மாற்றம், கணக்குப் பிரிவின் நிதியாண்டு முடியும் வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.